‘மெயில் கம்பெனி பார்த்துக்கொள்ளும்’ என்பது பொய்

குள்ளஞ்சாவடி வட்டாரத்து முந்திரி வியாபாரமும், நெய்வேலி என்.எல்.சி.யை நம்பி ஒப்பந்த வேலை எடுக்கும் சிறு நிறுவனங்களும் இன்று மெயில் இல்லாமல் நகர்வதில்லை. விலைப்புள்ளி, பில், டெண்டர் தகவல் எல்லாம் அதில்தான். சொந்தப் பெயரில் டொமைன் வாங்கி, ஆண்டுச் சந்தா கட்டி மெயில் கணக்கு வைத்துக்கொள்வதும் எளிதாகிவிட்டது. கூடவே ஒரு நம்பிக்கையும் வேரூன்றிவிட்டது: “காசு கட்டுகிறோம், குப்பையைக் கம்பெனிக்காரன் தள்ளிவிடுவான். இன்பாக்ஸில் வந்தால் நல்ல மெயில், ஸ்பேமில் விழுந்தால் கெட்ட மெயில்.”

இதை அப்படியே நம்பிவிட முடியாது.

என்.எல்.சி.யைப் போலவே பொதுத்துறை நிறுவனமான ஓ.என்.ஜி.சி.க்கு 2015இல் நேர்ந்ததைப் பாருங்கள். அதன் அதிகாரப்பூர்வ மெயில் முகவரியில் சிறு எழுத்து மாற்றம் செய்த போலி முகவரியிலிருந்து, நாஃப்தா என்ற பெட்ரோலியப் பொருளை வாங்கிய சவூதி அராம்கோவுக்குக் கடிதம் போனது. பணத்தை வேறு வங்கிக் கணக்கில் செலுத்தச் சொன்னது அக்கடிதம். ₹197 கோடி கைமாறிப்போனதாக மும்பை போலீசில் புகார் பதிவானது. ஏமாந்தது உலகின் மிகப் பெரிய எண்ணெய் நிறுவனம். வயாகரா விளம்பரத்தையும் லாட்டரிப் பரிசையும் பிடிக்கும் வடிகட்டி, இரண்டு வரியில் பணிவாக எழுதிய வியாபாரக் கடிதத்தில் எதைப் பிடிக்கும்?

வடிகட்டி முக்கியமாகச் சரிபார்ப்பவற்றில் ஒன்று அனுப்புநரின் அடையாளம். இந்த டொமைன் பெயரில் மெயில் அனுப்ப இந்த சர்வருக்கு அனுமதி உண்டா என்று சொல்வது எஸ்.பி.எஃப். கடிதம் வழியில் திருத்தப்படவில்லை என்பதற்கான கையொப்பம் டி.கிம். இரண்டும் பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்ற உத்தரவு டிமார்க். மோசடிக்காரன் ஒரு எழுத்து மாற்றித் தானே ஒரு டொமைன் வாங்கி, மூன்றையும் ஒழுங்காக அமைத்துவிட்டால் சோதனையில் தேறிவிடுவான். கேட்டில் நிற்கும் காவலாளி அடையாள அட்டையைத்தான் பார்ப்பார், மனதை அல்ல.

சரி, அந்த மூன்று பதிவுகளையும் யார் எழுத வேண்டும்? டொமைனின் சொந்தக்காரர்தான். சென்னையில் தலைமையகம் கொண்ட ஸோஹோவாக இருந்தாலும் கூகுளாக இருந்தாலும், எழுத வேண்டிய வரியைத்தான் தருவார்கள். அதை டொமைனின் பதிவேடான டி.என்.எஸ்.ஸில் சேர்ப்பது வாடிக்கையாளர் பொறுப்பு. சேர்க்காவிட்டால், அவர் பெயரிலேயே ஊருக்கெல்லாம் போலிக் கடிதம் போகலாம். டிமார்க்கை ‘கண்காணிப்பு மட்டும்’ என்ற நிலையிலேயே விட்டுவைத்தாலும் இதே கதிதான். நட்டம் அதோடு முடிவதில்லை. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாஹூவும், எஸ்.பி.எஃப்., டி.கிம் இரண்டில் ஒன்றாவது எல்லா அனுப்புநருக்கும் வேண்டும் என்கின்றன. ஜிமெயிலுக்கு நாளொன்றுக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புவோருக்கு மூன்றுமே கட்டாயம். பதிவு இல்லாத முந்திரி வியாபாரியின் நேர்மையான விலைப்புள்ளி வாடிக்கையாளரின் ஸ்பேமில் கிடக்கலாம்.

‘தொல்லை வேண்டாம்’ என்று சொந்த டொமைனையே நம்பகப் பட்டியலில் சேர்த்துவிடுபவர்களும் உண்டு. அந்தப் பெயரைப் போட்டு வரும் போலிக் கடிதத்துக்கு அதுவே கதவைத் திறந்துவிடலாம். இல்லாத முகவரிக்கு வருவதையெல்லாம் ஒரே பெட்டியில் வாங்கும் வசதியும் குப்பையைத்தான் பெருக்கும்.

வடிகட்டி கற்றுக்கொள்வதும் பயனாளரிடமிருந்துதான். நல்லது, கெட்டது என்று மனிதர் பிரித்துக் காட்டிய கடிதங்களிலிருந்து சொற்களின் நிகழ்தகவைக் கணக்கிடும் முறையை 2002இல் கணினி நிரலாளர் பால் கிரஹாம் பரவலாக்கினார். மனிதர் பிரித்துக் காட்டியதிலிருந்து கற்கும் அந்த அடிப்படை இன்றும் மாறவில்லை. குப்பையை வெறுமனே அழிப்பவர் அதற்கு எதையும் சொல்லித்தரவில்லை. ‘ஸ்பேம்’ என்று புகார் செய்ய வேண்டும். தவறிப்போய் ஸ்பேமில் விழுந்த நேர்முகத்தேர்வு அழைப்பை ‘ஸ்பேம் அல்ல’ என்று மீட்க வேண்டும்.

சட்டம் காப்பாற்றும் என்றும் காத்திருக்க முடியாது. அமெரிக்கா 2003லேயே மின்னஞ்சல் குப்பைக்கென்று சட்டம் கொண்டுவந்தது. இந்தியாவில் விளம்பர அழைப்புக்கும் எஸ்.எம்.எஸ்.ஸுக்கும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிகள் உண்டு. மெயில் குப்பைக்கென்று தனிச் சட்டம் இல்லை.

ஆகவே டொமைன் வைத்திருப்பவர்கள் இந்த வாரமே மூன்று பதிவுகளையும் சரிபார்க்க வேண்டும். போலியை நிராகரிக்கும்படி டிமார்க்கைப் படிப்படியாக இறுக்க வேண்டும். ஸ்பேம் பெட்டியை அடிக்கடி திறந்து பார்க்க வேண்டும். வங்கிக் கணக்கு மாறிவிட்டதாக எந்த மெயில் வந்தாலும், அதிலுள்ள எண்ணை விட்டுவிட்டு, ஏற்கெனவே தெரிந்த எண்ணில் கூப்பிட்டுக் கேளுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள்.