தைத்த ஷூ என்றால் பழையதே போதும்

முதல் வேலையில் சேரும் இளைஞருக்குக் கறுப்பு ஃபார்மல் ஷூ ஒன்று வேண்டும். கையில் மூவாயிரம் ரூபாய்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த விலைக்குப் புதிதாகக் கிடைப்பவை பெரும்பாலும் பசையால் சோல் ஒட்டியவை. தோல் என்று சொல்லி விற்பதும் பல நேரம் மேற்பரப்பைத் தேய்த்துவிட்டு அதன்மேல் பிளாஸ்டிக் பூச்சு ஏற்றியதாக இருக்கும். கடையில் பளபளக்கும், நடக்கும்போது விரல் மடங்கும் இடத்தில் பூச்சு வெடிக்கத் தொடங்கிவிட்டால் எந்தப் பாலிஷும் அதை மீட்காது. அதே பணத்துக்கு யாரோ கொஞ்ச நாள் போட்டுவிட்டு விற்கும் தரமான தோல் ஷூ கிடைத்தால், தயங்காமல் வாங்கலாம் என்பதே என் கட்சி. ஆனால் அதன் சோல் தைத்ததாக இருக்க வேண்டும்.

காரணம் ஷூவின் கட்டுமானத்தில் இருக்கிறது. 'குட்இயர் வெல்ட்' எனப்படும் முறையில் மேல்தோலையும் உள்தளத்தையும் ஒரு மெல்லிய தோல் பட்டையோடு சேர்த்துத் தைத்து, அந்தப் பட்டையில்தான் அடி சோலைத் தைக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இயந்திரத்துக்கு வந்த இந்தத் தையலை இங்கிலாந்தின் நார்தாம்ப்டன் ஆலைகள் இன்றும் விடவில்லை. சோல் தேய்ந்தால் அடித்தையலை மட்டும் பிரித்துப் புதிய சோல் போடலாம். மேல்தோலில் கத்தி படாது. ஆகவே பழைய ஷூவில் நாம் விலை கொடுப்பது மேல்தோலுக்குத்தான். அதில் சுருக்கம் இருக்கலாம், விரிசல் இருக்கக் கூடாது. ஒட்டுச் சோலின் கதை வேறு. அந்த வகையில் வரும் பாலியூரித்தேன் சோல் ஈரக்காற்றில் தானாகவே சிதையும். பெட்டியைவிட்டு வெளியே வராத ஷூவும் சில ஆண்டுகளில் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். சென்னை போன்ற கடற்கரை ஊரில் 'ஒருமுறைகூடப் போடாத பழைய ஷூ' என்ற விளம்பரத்தைக் கண்டு மயங்க வேண்டாம். ஓரத்தில் தெரியும் தையலையும் அப்படியே நம்பிவிட முடியாது. வெறும் அலங்காரத்துக்காகத் தையல்போல அச்சடித்த சோல்கள் நிறைய உண்டு.

அடுத்தவர் காலணியை மாட்டினால் அவருடைய பீடையும் கூடவே வரும் என்பார்கள். கோயில் வாசலில் செருப்பு தொலைந்தால் பீடை ஒழிந்தது என்று ஆறுதல் சொல்லிக்கொள்பவர்கள் நாம். அந்தக் கணக்குப்படி பழைய ஷூவை விற்பவர்தான் நமக்குப் பணம் தர வேண்டும்! சுகாதாரம் பற்றிய ஆட்சேபம் இதைவிடக் கனமானது. சேற்றுப்புண்ணை உண்டாக்கும் பூஞ்சை காலணிக்குள் நெடுநாள் தங்கும். பூஞ்சைக்கொல்லிப் பொடி போட்டு, நிழலில் பல நாள் காற்றாட வைத்தால் பெரும்பாலும் தீரும். அதற்குப் பிறகும் உள்ளே நாற்றம் நிற்கிற ஷூவைத் தொட வேண்டாம். மூன்றாவது ஆட்சேபத்துக்கு என்னிடம் மறுப்பு இல்லை. நல்ல ஷூவின் உள்தளத்தின் கீழ் இருக்கும் தக்கை, போட்டவரின் பாதத்துக்கேற்ப அமுங்கியிருக்கும். லேசாகப் போட்ட ஷூவில் இது பொருட்டல்ல. அடிப்பள்ளம் நன்றாக விழுந்ததும் ஹீல் ஒருபக்கம் சரிந்ததும் வேறொருவரின் நடைக்கு உரியவை. நீரிழிவால் பாத உணர்வு குறைந்தவர்கள் பழைய ஷூவின் பக்கமே போகக் கூடாது. உரசிப் புண்ணானாலும் அவர்களுக்குத் தெரியாது.

இணையத்தில் வாங்குவோருக்கு அளவிலும் கவனம் வேண்டும். அமெரிக்க அளவில் 9 என்பது நம் கடைகளில் ஏறக்குறைய 8. அதைவிடப் பெரிய சிக்கல், தைத்த சோலை மாற்றத் தெரிந்த கைகள் அருகில் இருக்கின்றனவா என்பது. ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் உலகுக்கே தோல் பொருள்களை அனுப்புகின்றன; ஆனால் தெருமுனையில் செருப்புத் தைப்பவரிடம் இந்த வேலைக்கான இயந்திரம் இருப்பது அரிது. எனவே ஷூவைப் பேரம் பேசும் முன் சோல் மாற்றும் கூலியை விசாரியுங்கள். அதையும் சேர்த்தால் அதே ரகப் புதிய ஷூவின் பாதி விலையைத் தாண்டுகிறது என்றால், அதை விட்டுவிடுங்கள்.