கல்லுக்கு ஒரு நியாயம்

அண்ணாசாலையில் பாரத் இன்சூரன்ஸ் கட்டிடத்தைப் போய்ப் பார்த்தேன். கூட வந்த கல்லூரித் தம்பி, 'அழகா இருக்குல்லண்ணே' என்றான். அழகுதான், யார் இல்லேன்னா? 1897இல் டபிள்யூ.இ. ஸ்மித் என்ற வெள்ளைக்கார மருந்து வியாபாரி கட்டிக்கொண்ட மாளிகை. செங்கல் சுமந்தவங்க பேரை யார் எழுதி வைத்தார்கள்?

2006இல் எல்.ஐ.சி. இதை இடிக்க ஆரம்பித்ததும் பாரம்பரியக் காவலர்கள் பதறிப்போய் உயர்நீதிமன்றத்துக்கு ஓடினார்கள். தடை கிடைத்தது. 2010இல் வந்த தீர்ப்பும் கட்டிடத்தின் பக்கம்தான். நல்லது. இதை இடிக்கணும்னு நான் சொல்லவில்லை.

ஆனால் தோழர்களே, இங்கிருந்து கொஞ்ச தூரத்தில், கூவக்கரையில், சத்தியவாணி முத்து நகர் இருந்தது. தலித் பெண் அமைச்சர் ஒருவரின் பேர் அது. 2019 கடைசியில், படிக்கிற பிள்ளைகளுக்கு வருஷம் பாதியில் நிற்க, குடிசைகளை இடித்து சனங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள்.

'வீடு குடுத்தாங்களேண்ணே.'

கொடுத்தார்கள். 20 கிலோமீட்டருக்கு அப்பால். மூட்டை தூக்குகிறவனுக்கும் வீட்டுவேலை செய்கிற அக்காவுக்கும் பிழைப்பு இங்கே, படுக்கை அங்கே. பஸ் காசை எவன் கொடுப்பான்? இந்த நகரத்தின் குப்பையையும் மலத்தையும் சுமந்த வாழ்க்கை எந்தப் பாரம்பரியப் பட்டியலில் வரும்?

அன்றைக்கு இந்தச் செங்கல்லுக்காக நீதிமன்றம் ஓடியவர்களே, கூவக்கரையில் பொக்லைன் வந்தபோது உங்களில் எத்தனை பேர் அதன் முன்னால் வந்து நின்றீர்கள்?