பாக் எழுதாமல் விட்ட இடம்

ஜோஹன் செபாஸ்டியன் பாக்கின் மூன்றாவது பிராண்டன்பர்க் கான்செர்ட்டோவில் முதல் பகுதி துள்ளலாக ஓடி முடிகிறது. அடுத்து மெதுவான பகுதி வர வேண்டும். வருவதோ இரண்டே கார்டுகள். அதாவது, பல ஸ்வரங்கள் ஒன்றாக ஒலிக்கும் இரண்டு கூட்டுகள். உடனே கடைசிப் பகுதி கிளம்பிவிடுகிறது.

கேட்பவருக்கு இது புதிர். வாசிப்பவருக்குப் பரீட்சை. 1721இல் பிராண்டன்பர்க் பிரபு கிறிஸ்டியன் லுட்விக்குக்கு பாக் அனுப்பிய பிரதியில் அந்த இடத்தில் இருப்பது 'அடாஜியோ' என்ற குறிப்பும் ஒரே ஒரு பார் இசையும்தான். சில குழுக்கள் அதை மட்டும் வாசித்துவிட்டு நகர்கின்றன. சிலவற்றில் வயலின் அல்லது ஹார்ப்சிகார்ட் கலைஞர் மனோதர்மமாகச் சிறிது வாசித்து, அந்தக் கார்டுகளில் வந்து இறங்குகிறார். பாக்கின் வேறொரு படைப்பிலிருந்து மெதுவான பகுதியை எடுத்துச் சேர்ப்பவர்களும் உண்டு.

மேற்கத்திய இசை என்றால் எழுதியதைப் பார்த்து வாசிப்பது என்ற எண்ணம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. பரோக் காலத்துக்கு அது பொருந்தாது. பக்கவாத்தியமாக இருந்த ஹார்ப்சிகார்ட் கலைஞருக்குக் கிடைத்தது பெரும்பாலும் கீழ் ஸ்தாயி வரியும் சில எண்களும்தான். வலது கை வாசிக்க வேண்டியதை அவரே அங்கேயே தீர்மானித்தார்.

ஐந்தாவது கான்செர்ட்டோவிலோ ஹார்ப்சிகார்டின் நீண்ட தனி வாசிப்பை, 65 பார்களையும், பாக் முழுசாக எழுதிவைத்தார். எழுத வேண்டியதை எழுதத் தெரிந்தவர்தான். மூன்றாவதில் விட்ட இடம் கலைஞர் மீது வைத்த நம்பிக்கை என்றே தோன்றுகிறது.

இரண்டு குழுக்களின் பதிவுகளை எடுத்து அந்த இடத்தை மட்டும் கேட்டுப் பாருங்கள். வாசிப்பவர் எப்படிப்பட்டவர் என்பது தெரிந்துவிடும்.