கைதட்டுவார்களாம், நாற்காலி கொடுக்க மாட்டார்களாம்!



வித்தை என்பது பிறவியில் வரவேண்டும், அதற்குக் கடவுள் அருள் வேண்டும் என்று சொல்லிப் பிழைக்கிறவர்கள் உலகமெங்கும் உண்டு. அமெரிக்காவில் இவர்கள் பேசிய பேச்சு இன்னும் விசித்திரமானது. கறுப்பருக்குப் பாட்டு பிறவியிலேயே வாய்த்தது என்பார்கள். அதே வாயால், பெரிய சங்கீத சாஸ்திரம் அவர்கள் மூளைக்கு எட்டாது என்றும் சொல்லுவார்கள். இந்த இரட்டை நாக்கின் யோக்கியதையை ஒரு மனிதருடைய வாழ்க்கையைக் கொண்டே பரிசோதித்துப் பார்ப்போம்.

வில்லியம் லெவி டாஸன் என்பவர் 1899-ல் அலபாமா மாகாணத்தில் அனிஸ்டன் என்ற ஊரில் பிறந்த கறுப்பர். 13-வது வயதில் வீட்டைவிட்டு ஓடி, 1881-ல் கறுப்பருக்கென்று ஏற்பட்ட டஸ்கீகி கல்விச்சாலைக்குப் போய்ச் சேர்ந்தார். பாடுபட்டுப் படித்து 1921-ல் தேறினார். பிறகு கான்ஸாஸ் நகரில் ஒரு சங்கீதக் கல்லூரியில் படித்து 1925-ல் பட்டம் பெற்றார்.

பட்டமளிப்பு நாளில் நடந்ததைக் கேளுங்கள். அவர் இயற்றிய உருப்படியையே மேடையில் வாசித்தார்கள். சபையோர் கைதட்டினார்கள். இயற்றியவரோ மேடையில் இல்லை! வெள்ளை மாணவர்களோடு சமமாக உட்காரக் கூடாதென்று மாடியில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தார். எழுந்து நின்று ஒரு வணக்கம் சொல்லவும் அனுமதியில்லை.

அவருக்கு வித்தையைக் கொடுத்தது கடவுள் என்றால், நாற்காலியைப் பிடுங்கியது யார்? அதுவும் கடவுள் சித்தம்தானா? இல்லை, அது மனிதன் செய்த அக்கிரமம் என்பீர்களானால், வித்தை மட்டும் மனிதன் பாடுபட்டுத் தேடியதாக ஏன் இருக்கக் கூடாது?

டாஸன் சோர்ந்துவிடவில்லை. சிக்காகோவில் மேல்படிப்பை 1927-ல் முடித்தார். 1931-ல் டஸ்கீகிக்கே திரும்பி, சங்கீதப் பகுதிக்குத் தலைவராகிச் சுமார் 25 வருஷம் உழைத்தார். அவர் பழக்கிய பாடகர் கூட்டம் 1932-ல் நியூயார்க்கின் ரேடியோ சிட்டி மண்டபத் திறப்பு விழாவில் பாடிற்று. அடிமைகள் பாடிவந்த பாட்டுகளைப் பல குரல்களுக்கு அமைத்து எழுதினார். அப்பாட்டுகளிலும் கடவுள் பெயர் உண்டு. ஆனால், அடிமையை விற்ற எஜமானனும் அதே வேதத்தைத்தானே காட்டினான்! அடிமைத்தனம் 1865-ல் ஒழிந்தது மனிதர் சண்டையிட்டும் சட்டம் செய்துமேயன்றி, பிரார்த்தனையால் அல்ல.

1934-ல் அவருடைய "நீக்ரோ ஃபோக் சிம்பனி"யை ஸ்டொகௌஸ்கி என்ற பிரபல நடத்துநர் பிலடெல்பியா வாத்தியக் குழுவைக் கொண்டு அரங்கேற்றினார். நியூயார்க் கார்னகி மண்டபத்திலும் வாசித்தார்கள். பெரும் ஆரவாரம்! அப்புறம்? பல வருஷங்கள் அது பெரும்பாலும் பெட்டியிலே தூங்கிற்று. டாஸன் 1952-ல் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போய், அங்கே கேட்ட தாளங்களைக் கொண்டு அதைத் திருத்தினார். 1963-ல் இசைத்தட்டாக வந்தது. 1990-ல் அவர் இறந்தார். 2020-க்குப் பிறகுதான் பல குழுக்கள் அதைத் தேடியெடுத்து வாசிக்கின்றன.

செத்தவனுக்கு மாலை போடுவது சுலபம். உயிரோடிருப்பவனுக்கு மேடையில் இடம் விடுவதுதான் கஷ்டம். ஆதலால், ஒருவனைப் புகழ்கிறவர்களைக் கண்டு ஏமாறாதீர்கள். "புகழ்ச்சி இருக்கட்டும், அவன் உட்கார நாற்காலி எங்கே?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் வராதவரையில், கைதட்டலும் ஒருவகை மோசடியே ஆகும்.