மலைக்கு ஆள் வரட்டும், கார் கீழே நிற்கட்டும்

கோவை விமான நிலையத்திலிருந்து ஊட்டி ஏறத்தாழ 90 கிலோமீட்டர். கையில் பணம் இருப்பவருக்கு இந்தத் தொலைவு ஒரு பொருட்டல்ல. வாசலிலேயே டாக்சி நிற்கிறது. எண்ணிச் செலவு செய்யும் குடும்பத்தின் பாடு வேறு. பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு சிட்ரா நிறுத்தத்துக்கு வந்து, டவுன் பஸ் பிடித்துக் காந்திபுரம் போய், அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் மேட்டுப்பாளையம் சாலைப் புதிய பேருந்து நிலையத்தை அடைந்து, அதற்குப் பிறகுதான் மலையேறும் பஸ்ஸைத் தேட வேண்டும். கைக்குழந்தையோடும் வயதான பெற்றோரோடும் வருபவர்கள் இந்த அலைச்சலை நினைத்ததுமே டாக்சியிடம் போய்விடுகிறார்கள். மூன்று பேருக்கு ஒரு கார், நான்கு பேருக்கு ஒரு கார் என்று மலைப்பாதை நிரம்புவது இப்படித்தான்.

கார்களைக் குறைக்க வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது கருத்து இல்லை. கோடை சீசனில் ஒரு நாளைக்கு 20,000க்கும் மேற்பட்ட வாகனங்கள் நீலகிரிக்குள் நுழைகின்றன என்ற கணக்கு 2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. அதில் பாதிக்கு மேல் கார்கள். அதைத் தொடர்ந்து மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் வர இ-பாஸ் என்ற இணையவழி அனுமதி கட்டாயமானது. 2025 ஏப்ரலில் உச்சவரம்பும் வந்தது. ஜூன் வரை நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000. நீதிமன்றம் செய்தது சரி. மலை எவ்வளவு தாங்கும் என்று யாராவது ஒருவர் கேட்டே ஆக வேண்டியிருந்தது.

அந்த உத்தரவில் அரசுப் பேருந்துக்கும் ரயிலுக்கும் கட்டுப்பாடு இல்லை. மலைக்கு வர விரும்புகிறவர்கள் தாராளமாக வரலாம், பொது வாகனத்தில் வாருங்கள் என்பதே இதன் பொருள். அப்படி வருகிறவர்களை ஏற்றிச் செல்லும் ஏற்பாட்டைச் செய்ய வேண்டியது அரசு. விமானங்கள் வந்திறங்கும் நேரத்தோடு பொருந்தி, நிலைய வாசலிலிருந்தே புறப்பட்டு, குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் ஊட்டிக்கும் போகும் பேருந்துகள் இருந்திருந்தால் இ-பாஸ் ஒரு முழுமையான திட்டமாக இருந்திருக்கும். அவினாசி சாலையில் 10.1 கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு ஏறத்தாழ 1,800 கோடி ரூபாய் செலவிட அரசால் முடிந்தது. 2025 அக்டோபரில் அது திறக்கப்பட்டது. விமான நிலையப் பயணி காரில் இருந்தால் நகரத்தை விரைவாகக் கடக்க அந்தப் பாலம் உதவுகிறது. பேருந்துக்காகக் காத்திருப்பவருக்கு அதனால் எதுவும் மாறவில்லை. இதை வெறும் நிர்வாகக் குறைபாடு என்று சொல்லிக் கடந்துபோக நாம் தயாராக இல்லை. இது அநீதி.

ஏன் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறோம்? மேட்டுப்பாளையத்தை அடுத்த கல்லாறு தாண்டியதும் தொடங்கும் சாலையைப் பார்த்தவர்களுக்குப் புரியும். பர்லியார் வழியாகக் குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள். கல்லாற்றை ஒட்டிய காடு யானைகளின் வழித்தடம். சீசனில் ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும், இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் திருப்பிவிடுகிறார்கள். ஊட்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பும் கூட்டத்தின் சுமையைச் சின்ன ஊரான கோத்தகிரி தாங்குகிறது. இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே வர வேண்டும், பிரேக்கை மிதித்துக்கொண்டே வரக் கூடாது என்பது மலை டிரைவர்களுக்குப் பால பாடம். சமவெளியில் மட்டுமே ஓட்டிப் பழகியவர்களுக்கு அது பழக்கத்தில் இருப்பதில்லை. 2023 செப்டம்பர் 30 அன்று குன்னூர் மரப்பாலம் அருகே சுற்றுலாப் பேருந்து ஒன்று பள்ளத்தில் கவிழ்ந்து தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்த ஒன்பது பேர் இறந்தார்கள்.

சாலையை அகலப்படுத்தினால் போதாதா என்று கேட்பவர்களுக்கு 2009 நவம்பரை நினைவூட்டுகிறோம். அந்த மழையில் நீலகிரியில் மண் சரிந்து 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சரிவை வெட்டி அகலமாக்கிய ஒவ்வோர் அடியும் அடுத்த பெருமழையில் கணக்குக் கேட்கும்.

சீசன் நாட்களில் வெளியூர்க்காரர் இரண்டு மணி நேரம் நெரிசலில் நின்றால் அவருடைய விடுமுறையில் இரண்டு மணி நேரம் போகும், அவ்வளவுதான். அதே நெரிசலில் உள்ளூர்க்காரரின் ஆம்புலன்சும் நிற்கிறது. ஊட்டியில் 2025இல் 700 படுக்கைகளோடு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறக்கப்பட்டிருக்கிறது என்றாலும், சிக்கலான சிகிச்சை என்றால் இன்றும் கோவைக்கு ஓடுபவர்கள் உண்டு. பள்ளிப் பிள்ளைகளும், தேயிலைத் தோட்டத்து வேலையாட்களும், காரட்டும் உருளைக்கிழங்கும் ஏற்றிய லாரிகளும் அதே மலைச் சாலைகளில்தான் போய்வர வேண்டும்.

டிரைவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். விமான நிலையத்தில் ஏற்றிய பயணியை மலையில் இறக்கிவிட்டு, இரண்டு நாள், மூன்று நாள் வெயிட்டிங் இருப்பவர்கள் அவர்கள். பயணி விடுதி அறையில் கம்பளிக்குள் தூங்குகிறார். டிரைவர் சீட்டைச் சாய்த்துப் போட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு, உறைபனி விழும் ஜனவரி இரவில் வண்டிக்குள்ளேயே சுருண்டு படுக்கிறார். விடுதிகள் டிரைவர்களுக்குத் தங்குமிடமும் கழிப்பறையும் தர வேண்டும் என்று தமிழக அரசு 2023இல் கட்டட விதிகளைத் திருத்தியது. நல்ல ஆணை. அது எத்தனை விடுதிகளில் நடைமுறையில் இருக்கிறது என்று ஊட்டியிலும் கொடைக்கானலிலும் வாசல் வாசலாகப் போய்ப் பார்ப்பது மாவட்ட நிர்வாகத்தின் வேலை. சரியாகத் தூங்காத ஒருவரின் கையில் குடும்பத்தின் உயிரை ஒப்படைத்து 14 வளைவுகள் இறங்கும் பயணியும் இதைக் கேட்டிருக்க வேண்டும். பேட்டாவும் ஹில் சார்ஜும் கொடுத்துவிட்டதால் அந்தக் கடமை தீர்ந்துவிடாது.

மலை ரயில் இருக்கிறதே என்று சிலர் சொல்லலாம். 1899இல் குன்னூர் வரையும் 1908இல் ஊட்டி வரையும் வந்த அந்த 46 கிலோமீட்டர் ரயில் பாதை 2005இல் யுனெஸ்கோவின் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அது நம் பெருமை. ஆனால் மேட்டுப்பாளையத்திலிருந்து வழக்கமான வண்டி காலை 7.10 மணிக்கே கிளம்பிவிடுகிறது. ஊட்டி போய்ச் சேர ஏறத்தாழ ஐந்து மணி நேரம். காலை விமானத்தில் வருபவர் அதைப் பிடிக்க முடியாது. மழைக்காலத்தில் பாதையில் மண் விழுந்தால் வண்டியே ரத்து. அதைக் காட்டிப் போக்குவரத்துக் கடமையிலிருந்து தப்பிக்க முடியாது. கோவைக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் இடையே ஓடும் மெமு ரயில்தான் பயன்படும். விமான நிலையத்திலிருந்து கோவை ரயில் நிலையத்துக்கு ஒழுங்கான இணைப்பு பஸ்ஸும், மேட்டுப்பாளையத்தில் ரயில் வந்ததும் மலைக்குப் புறப்படும் பஸ்ஸும் சேர்ந்தால் நெரிசல் இல்லாத ஒரு வழி கிடைத்துவிடும்.

முடியாத காரியம் எதையும் நாம் கேட்கவில்லை. பெங்களூரு விமான நிலைய வாசலிலிருந்து மைசூருக்கும், குடகு மலையிலுள்ள மடிக்கேரிக்கும் கர்நாடக அரசுப் போக்குவரத்துக் கழகம் ‘ஃபிளைபஸ்’ விட்டது. மகாராஷ்டிரத்தில் மாதேரான் மலைக்குள் சுற்றுலாக் கார்களுக்கு இடமே இல்லை. தஸ்தூரி நாக்காவில் நிறுத்திவிட்டுத்தான் போக வேண்டும். சுவிட்சர்லாந்தின் செர்மாட்டுக்குப் போகிறவர்கள் ஐந்து கிலோமீட்டருக்கு முன்னால் தேஷ் என்ற ஊரில் காரை விட்டுவிட்டு ரயில் ஏறுகிறார்கள். ஜூரிக் விமான நிலையத்தின் அடியிலேயே ரயில் நிலையம் இருக்கிறது. இந்த ஊர்களில் சுற்றுலா படுத்துவிடவில்லை.

டாக்சி ஓட்டிப் பிழைப்பவர்களின் வயிற்றில் அடிக்கிறீர்களா என்ற கேள்வி வரும். நியாயமான கேள்வி. முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் டாக்சி எப்போதும் வேண்டும். பேருந்தில் வந்திறங்கும் ஆயிரம் பேருக்கு ஊட்டிக்குள், குன்னூருக்குள் சுற்றிப் பார்க்க உள்ளூர் வண்டி வேண்டும். அந்த வருமானம் மலையில் வாழும் டிரைவருக்குப் போய்ச் சேர்வது இன்னும் நல்லது. விடுதி உரிமையாளர்களும் அஞ்ச வேண்டியதில்லை. 6,000 வாகனம் என்பது போன்ற வரம்புக்குள் கார்களை மட்டும் அனுப்பினால் வருகிறவர்களின் எண்ணிக்கை குறையும். அரசுப் பேருந்துக்கு அந்த வரம்பே இல்லை.

பயணிகளுக்கும் ஒரு வார்த்தை. சிங்கப்பூரிலிருந்தோ ஷார்ஜாவிலிருந்தோ சென்னையிலிருந்தோ பறந்து வந்து இறங்குகிறவர்களுக்கு மலையைப் பார்க்கும் உரிமை உண்டு. அங்கே வாழ்கிறவர்களின் சாலையைத் தங்கள் காரால் அடைக்கும் உரிமை யாருக்கும் கிடையாது. பஸ் இருக்கும் இடத்தில் பஸ்ஸில் ஏறுங்கள். இல்லாத இடத்தில் ஏன் இல்லை என்று கேளுங்கள்.

அடுத்த கோடை சீசன் தொடங்கும் முன் கோவை விமான நிலைய வாசலிலிருந்து ஊட்டிக்கும் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும், மதுரை விமான நிலைய வாசலிலிருந்து கொடைக்கானலுக்கும் நாள் முழுவதும் அரசுப் பேருந்துகள் ஓட வேண்டும். அதைச் செய்யாமல் இ-பாஸ் எண்ணிக்கையை மட்டும் ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கும் அரசு, மலைவாழ் மக்களுக்கும் பயணிகளுக்கும் ஒருசேரக் கடமை தவறிய அரசு.