பாதியில் நின்ற காணிக்கை



எருசலேமிலுள்ள ஏழை விசுவாசிகளுக்கு உதவி அனுப்புவதாகக் கொரிந்து சபையார் ஒப்புக்கொண்டார்கள். ஓராண்டு கடந்தும் அந்தக் காணிக்கை சேர்ந்து முடியவில்லை. இதைக்குறித்தே அப்போஸ்தலனாகிய பவுல் 2 கொரிந்தியர் 8, 9 அதிகாரங்களில் எழுதுகிறார். விருப்பம் மட்டும் போதாது, ஆரம்பித்ததை நிறைவேற்றவும் வேண்டும் என்பது அவருடைய வற்புறுத்தல். இந்த வாரம் அப்பகுதியைத் தியானிக்கையில், பாதியில் நிற்கும் மற்றொரு காணிக்கை என் நினைவுக்கு வந்தது.

செல்வந்த நாடுகள் தங்கள் வருமானத்தில் ஒரு சதவீதத்தை ஏழை நாடுகளுக்கு அளிக்க வேண்டுமென்று 1958-இல் உலகத் திருச்சபைகள் மாமன்றம் முன்மொழிந்தது. அந்த எண்ணம் உருமாறி, 1970-இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் 0.7 சதவீதம் என்னும் இலக்காயிற்று. அதாவது, நூறு ரூபாய் வருமானத்தில் எழுபது பைசா. ஆனால் 2024-இல் செல்வந்த நாடுகள் கொடுத்தது சராசரியாக முப்பத்துமூன்று பைசாவே. நார்வே, சுவீடன், டென்மார்க், லக்சம்பர்க் ஆகிய நான்கு நாடுகள் மாத்திரமே இலக்கைக் கடந்தன.

இப்போது அதுவும் குறைந்துகொண்டிருக்கிறது. 0.7 சதவீதத்தை 2015-இல் சட்டமாகவே இயற்றிய பிரிட்டன், 2021-இல் அதை 0.5 ஆகக் குறைத்தது; பாதுகாப்புச் செலவை உயர்த்துவதற்காக 2027-க்குள் 0.3 ஆக்கப்போவதாக 2025-இல் அறிவித்தது. அமெரிக்கா அந்த இலக்குக்கு உடன்படாவிட்டாலும், தொகையளவில் பிற நாடுகளைவிட மிகுதியாகக் கொடுத்துவந்தது. 2025 ஜனவரியில் அந்நாடு தன் வெளிநாட்டு உதவியைத் திடீரென நிறுத்திவைத்தபோது, ஆப்பிரிக்காவில் எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு மருந்து வழங்கிய நிலையங்கள் பல மூடப்பட்டன. நாள்தோறும் உட்கொள்ளவேண்டிய மருந்து அது. அரசாணை மறுஆய்வுக்காகக் காத்திருக்கலாம்; நோய் காத்திருக்காது.

"உதவிப் பணம் ஊழலில் கரைகிறதே" என்பார்கள். அது வெறும் சாக்கு அல்ல. உண்மையும் அதில் உண்டு. பவுலும் அந்த ஆபத்தை அறிந்திருந்தார். ஆனால் அதற்காக அவர் காணிக்கையை நிறுத்தவில்லை. சபைகளால் தெரிந்துகொள்ளப்பட்ட நற்சாட்சியுள்ள சகோதரரைத் தீத்துவோடு அனுப்பி, தேவனுக்கு முன்பாகவும் மனிதருக்கு முன்பாகவும் பணத்தை ஒழுங்காய்க் கையாள வழிசெய்தார். தவறான நிர்வாகத்துக்குப் பரிகாரம் சரியான தணிக்கையே. பசித்தவனின் தட்டை எடுத்துவிடுவதல்ல.

"முதலில் நம் வீட்டைப் பார்ப்போம்" என்றும் சொல்வார்கள். மக்கெதோனியா சபையார் அப்படிச் சொல்லியிருக்கலாம். அவர்களே தரித்திரத்தில் இருந்தார்கள். ஆயினும் தங்கள் திராணிக்கு மிஞ்சியும் கொடுத்தார்கள். இன்றைய நம் நிறைவு பிறருடைய குறைவையும், நாளை அவர்களுடைய நிறைவு நம் குறைவையும் ஈடுசெய்யும் என்று பவுல் விளக்குகிறார். இது நமக்குப் புதிதல்ல. 1960-களின் பஞ்சக் காலத்தில் அமெரிக்கக் கோதுமை இந்தியர் பலரின் பசியாற்றியது. அதே இந்தியா 2021-இல் பல ஏழை நாடுகளுக்குக் கொரோனா தடுப்பூசிகளை அனுப்பியது. ஏந்திய கை கொடுக்கும் கையாகவும் மாறும்.

அரசுகளை நாம் மாற்ற இயலாதிருக்கலாம். ஆனால் அவற்றிடம் கேட்கும் கேள்வியை நம்மிடமும் கேட்கலாம். கட்டடத்துக்கும் பண்டிகைகளுக்கும் செலவிட்டபின், நம் சபையின் நூறு ரூபாயில் ஏழைக்குப் போய்ச் சேருவது எவ்வளவு? நம் வீட்டில் எவ்வளவு? "செய்கிறேன்" என்று யாரிடமோ சொல்லி, இன்னும் செய்யாத உதவி உண்டா? இந்த வாரம் அதைச் செய்துமுடிப்போம்.

ஜெபம்: ஐசுவரியமுள்ளவராயிருந்தும் எங்களுக்காகத் தரித்திரரான ஆண்டவரே, நாங்கள் கொடுத்த வாக்கை நிறைவேற்றும் மனதை எங்களுக்கும், நாடுகளை ஆளுவோருக்கும் தந்தருளும். ஆமென்.