அத்துவிட்ட காகிதம்

சோமனூர்ப் பக்கம் ஒரு வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து பிழைக்கிறவன் நான். போன மாதம் ஒரு அக்கா வந்தார். சேரியிலிருந்து தறிக்கூடத்துக்குத் தார் சுத்தப் போகிறவர்.

"ஏனுங் சார், என்ற நகைய மீட்டுக் குடுங்க."

நகை அவருடைய அம்மா போட்டது. அடகு வைத்ததோ புருசன் பேரில். "அவருகூட அத்துவிட்டாச்சுங். பெரியவங்க உக்காந்து எழுதிக் குடுத்துட்டாங்க" என்று ஒரு முத்திரைத்தாளை நீட்டினார். 'இருவரும் மனமொத்துப் பிரிகிறோம், இனி ஒருவர் மேல் ஒருவருக்கு எந்த உரிமையும் இல்லை' என்று இருந்தது. கீழே நாலு ஆம்பளைகளின் கையெழுத்து, ஒரு பெண்ணின் கைநாட்டு. நகையைப் பற்றி ஒரு வரி இல்லை. இரண்டு பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வரி இல்லை.

கடன் வாங்கியவர் வராமல் நகையைத் தர முடியாது என்று அந்த அக்காவிடம் சொன்னவன் நான்தான். அந்தக் கூச்சத்தில்தான் இந்தத் தலையங்கம்.

தோழர்களே, அந்தக் காகிதத்துக்கு என்ன மதிப்பு? 1955ஆம் வருட இந்து திருமணச் சட்டம் 29(2) பிரிவில் வழக்கப்படியான மணமுறிவை விட்டுவைத்திருக்கிறது. ஆனால் அப்படியொரு வழக்கம் காலங்காலமாக உண்டு என்பதை வழக்காடுகிறவர் நிரூபிக்க வேண்டும். சுப்பிரமணி எதிர் சந்திரலேகா வழக்கில் (2005) உச்சநீதிமன்றம் இதைத்தான் சொன்னது. நிரூபிக்க முடியாவிட்டால் அந்தத் தாள் வெறும் தாள். அதை நம்பி மறுகல்யாணம் செய்தால் அந்தக் கல்யாணம் செல்லாது, குற்ற வழக்கும் வரும்.

அதைவிட மோசம், 'மனமொத்துப் பிரிகிறோம்' என்ற அந்த வரி. ஜீவனாம்சப் பிரிவு, முன்பு 125, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 144. பரஸ்பர சம்மதத்தோடு தனித்து வாழும் மனைவிக்கு ஜீவனாம்சம் இல்லை என்று அதிலேயே எழுதியிருக்கிறது. ஆக அந்தத் தாள் விவாகரத்து ஆகாமல் போகலாம், சோத்துக்கு வழி கேட்கும்போது மட்டும் குறுக்கே வந்து நிற்கலாம்.

"எங்க சாதியில பொம்பளைக்குச் சுதந்திரம் உண்டுங்க. பிடிக்கலைன்னா அத்துக்கட்டிக்குவா" என்று நம் மேடைகளிலேயே பெருமை பேசுகிறோம். பாதி உண்மை. பார்ப்பனியம் தாலியை ஏழு ஜென்மக் கட்டாக்கி வைத்திருந்தபோது உழைக்கும் சாதிகளிடம் பிரிவும் மறுமணமும் இருந்தன. இந்துச் சட்ட மசோதா விவாதத்தில் விவாகரத்து நம் பண்பாடல்ல என்று கூச்சலிட்டவர்களுக்கு இதையே பதிலாகச் சொன்னார் அம்பேத்கர். 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு மணவிலக்கு உரிமை கேட்டுத் தீர்மானம் போட்டது. 1949இல் சென்னை மாகாணம் இந்துக்களுக்கு விவாகரத்துச் சட்டம் கொண்டுவந்தது. மசோதா கைவிடப்பட்டபோது, 1951 செப்டம்பரில் அம்பேத்கர் அமைச்சர் பதவியை விட்டு வெளியேறினார். அவர் பதவியைத் தூக்கி எறிந்த உரிமைகளில் இதுவும் ஒன்று.

மீதிப் பாதியை நாம் பேசுவதில்லை. அத்துவிடும் கூட்டத்தில் உட்காருகிறவர் யார்? ஆம்பளைகள். நம் ஆம்பளைகள். ஊர்க்காரன் பஞ்சாயத்தை ஆதிக்கம் என்கிறோம். நம் தெருவில் நாமே கூட்டும் பஞ்சாயத்துக்கு என்ன பேர் வைப்பது? "குடும்பம் ரெண்டாச்சுன்னா ஊர்க்காரன் சிரிப்பான், கொஞ்சம் பொறுத்துக்கம்மா" என்று எத்தனை தோழர்கள் சொல்லியிருக்கிறோம்! அடித்தவன் இயக்கத்துக்காரன் என்றால் இன்னும் மெதுவாகப் பேசுகிறோம். நானும் பேசியிருக்கிறேன்.

பிரிவது என்று ஒரு பெண் முடிவு செய்தபின் சமாதானம் பேசுவது நம் வேலையல்ல. அவரை வெறுங்கையோடு போகவிடாமல் பார்ப்பதே வேலை. என் கவுண்டரிலிருந்து தெரிகிறதைச் சொல்கிறேன்.

எந்தத் தாளிலும் அவசரப்பட்டுக் கைநாட்டு வைக்கவேண்டாம். ஆதார், ரேசன் கார்டு, கல்யாணப் பத்திரிகை, போட்டோ, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, அடிபட்டிருந்தால் ஆஸ்பத்திரிச் சீட்டு, எல்லாவற்றுக்கும் நகலெடுத்து வேறு வீட்டில் வைக்கவேண்டும். தன் பேரில் மட்டும் ஒரு கணக்கு வேண்டும். பழைய கணக்கில் வாரிசாக யார் பேர் இருக்கிறது, ஏடிஎம் கார்டு யார் கையில் இருக்கிறது என்று பார்க்கவேண்டும். மகளிர் குழுக்கடன் அவர் பேரில் இருந்தால் தவணை அவரைத்தான் துரத்தும், பணத்தைச் செலவழித்தது யாராக இருந்தாலும். நகைக்குச் சீட்டு இருந்தால் நம்பரைக் குறித்துக்கொள்ளட்டும். பெண்ணுக்குப் போட்ட நகை பெண்ணின் சொத்து. வங்கியில் கேட்டால் கிடைக்காது, நீதிமன்றத்தில் கேட்கலாம்.

இருவருக்கும் சம்மதம் என்றால் ஒரு வருடம் பிரிந்திருந்தபின் 13பி பிரிவில் சேர்ந்து மனுப் போடலாம். ஆறு மாதக் காத்திருப்பைத் தகுந்த காரணமிருந்தால் நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. சம்மதம் இல்லையென்றால் கொடுமை, இரண்டு வருடம் கைவிட்டது போன்ற காரணங்களைக் காட்டவேண்டும். 2003 திருத்தத்துக்குப்பின் மனைவி தான் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். வழக்கு நடக்கும்போதே செலவுக்கும் ஜீவனாம்சத்துக்கும் 24ஆம் பிரிவில் கேட்கலாம். வீட்டைவிட்டுத் துரத்துகிறான் என்றால் 2005ஆம் வருடக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் குடியிருக்கும் உரிமை கேட்கலாம்.

"வக்கீலுக்குக் குடுக்கக் காசேதுங்க?" என்றார் அந்த அக்கா. 1987ஆம் வருடச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. அவருக்கு இரண்டு வகையிலும் உரிமை. 15100க்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள். இத்தனை வருடம் இயக்கம் நடத்துகிற நாம் எத்தனை தெருவில் இதைச் சொல்லியிருக்கிறோம்?

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. அடுத்த முறை நம் தெருவில் பஞ்சாயத்துக்கு ஜமக்காளம் விரித்தால் போய் உட்காருங்கள். தாளை வாங்கி அந்தப் பெண்ணுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். நகை எங்கே, பிள்ளைச் செலவு எங்கே என்று கேளுங்கள். பெரியவர்கள் முறைப்பார்கள். முறைக்கட்டும்.

அந்த அக்கா கோவைக்குப் போக ஒருநாள் கூலியை விடவேண்டும். கூடப் போக ஆள் வேண்டும். நான் லீவு சொல்லிவிட்டேன்.